பொருள் பேசும் சீட்டு

நுழையும்முன்

கடையில் வாங்கும் பொட்டலத்தின் விலையைப் பார்க்கிறோம்; காலாவதி நாளைப் பார்க்கிறோம்; பிறகு உறையைக் கிழித்து எறிந்துவிடுகிறோம். அந்த உறைமேல் ஒட்டிய சிறு சீட்டில் ஒவ்வோர் எழுத்தும் சரியாக இருப்பதற்குத் தொழிற்சாலையில் ஒருவர் பொறுப்பேற்றுள்ளார். வாங்குவோர் அறியாத அவரது பணியை விளக்குகிறது இப்பாடம்.

சொல்லும் பொருளும்

தமிழில் ‘பொருள்’ என்னும் சொல் கையில் கொள்ளும் பண்டத்தையும் குறிக்கும். ஒரு சொல் உணர்த்தும் கருத்தையும் குறிக்கும். பண்டமும் கருத்தும் ஒன்றையொன்று பிரியாமல் நிற்க வேண்டிய இடம் ஒன்று தொழிற்சாலையில் உண்டு. அதுவே லேபிள் என வழங்கும் விவரச்சீட்டு ஆகும். புட்டிக்குள் இருப்பது எதுவோ அதையே சீட்டு சொல்ல வேண்டும். சீட்டு சொல்வது எதுவோ அதுவே புட்டிக்குள் இருக்க வேண்டும்.

சந்தையில் அரிசி வாங்குபவர் அதைக் கையில் அள்ளிப் பார்க்கலாம், முகர்ந்து பார்க்கலாம், ஒரு மணியைக் கடித்தும் பார்க்கலாம். மூடி முத்திரையிட்ட மருந்துப் புட்டியை வாங்குபவருக்கு அவ்வாய்ப்பு இல்லை. வெள்ளை நிற மாத்திரைகள் இரண்டை அருகருகே வைத்தால், எது காய்ச்சலுக்கு உரியது, எது இதயத்திற்கு உரியது எனக் கண்ணால் பிரித்தறிய இயலாது. அங்கே அவர் நம்பக்கூடிய சான்று சீட்டு ஒன்றே. எனவேதான் மருந்து, உணவு, வேதிப்பொருள் ஆகியவற்றை உற்பத்தி செய்யும் ஆலைகளில் லேபிளை நிர்வகிப்பதற்கெனத் தனி அலுவலர் அமர்த்தப்படுகிறார். பொருளைச் செய்வதில் அவருக்குப் பங்கில்லை. பொருளைப் பற்றிய சொல் பிழைபடாமல் காப்பதே அவர் கடமை.

முத்திரை முதல் சீட்டு வரை

பண்டத்தின்மீது அடையாளம் இடும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் குவிந்திருந்த பண்டங்களின்மீது சோழரின் புலிச்சின்னம் பொறிக்கப்பட்டதைப் பட்டினப்பாலை கூறுகிறது. ‘இது கணக்கில் கொள்ளப்பட்டது’ என்று அச்சின்னம் அறிவித்தது. எகிப்து நாட்டின் செங்கடற்கரையில் உள்ள குசேர் அல் காதிம் என்னும் பழந்துறைமுகத்தில் கிடைத்த பானையோடு ஒன்றில், ‘பானை ஒறி’ எனத் தமிழி எழுத்தில் எழுதப்பட்டிருந்தது. ‘ஒறி’ என்பது பானையைத் தொங்கவிடும் உறியைக் குறிக்கும். கடல் கடந்து சென்ற கலத்திலும் எழுத்து உடன் சென்றிருக்கிறது.

அக்காலத்தில் பண்டத்தைச் செய்தவரும் விற்றவரும் வாங்கியவரும் பெரும்பாலும் நேரில் பேசிக்கொண்டனர். இன்று ஓர் ஊரில் செய்த மருந்தை ஆயிரம் கல் தொலைவில் உள்ளவர் அருந்துகிறார். இருவரும் ஒருவரையொருவர் காண்பதில்லை. நேரில் சொல்ல வேண்டியவை அனைத்தையும் இரண்டு விரல் அகலமுள்ள ஒரு தாள் சொல்ல வேண்டியிருக்கிறது.

சட்டம் வரையறுக்கும் சொற்கள்

சீட்டில் என்னென்ன இடம்பெற வேண்டும் என்பதை நிறுவனத்தின் விருப்பத்திற்குச் சட்டம் விட்டுவிடவில்லை. இந்தியாவில் பொட்டலமிட்ட பொருள்களுக்கு 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும், அதன்கீழ் 2011இல் நடைமுறைக்கு வந்த விதிகளும் பொருந்தும். செய்தவரின் பெயரும் முகவரியும், பொருளின் பொதுப்பெயர், நிகர அளவு, உற்பத்தி செய்த மாதமும் ஆண்டும், அனைத்து வரிகளும் உட்பட்ட அதிகபட்சச் சில்லறை விலை, நுகர்வோர் முறையிடுவதற்கான தொடர்பு விவரம் ஆகியவை அதில் இருத்தல் வேண்டும்.

உணவுப்பொருளாயின் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டமும் சேர்ந்துகொள்கிறது. 14 இலக்க உரிம எண்ணை அச்சிட வேண்டும். மூலப்பொருள்களை எடை மிகுதியானது முதலில் வரும்படி இறங்கு வரிசையில் எழுத வேண்டும். சைவ உணவெனில் பச்சைக் கட்டத்திற்குள் பச்சை வட்டமும், அசைவ உணவெனில் பழுப்புக் கட்டத்திற்குள் பழுப்பு முக்கோணமும் இடம்பெறும். பசையம் கொண்ட தானியம், நண்டு இறால் போன்ற ஓட்டுடலிகள், பால், முட்டை, மீன், நிலக்கடலை மற்றும் பருப்புக் கொட்டைகள், சோயா, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட சல்பைட்டு ஆகிய ஒவ்வாமைப் பொருள்கள் சேர்ந்திருப்பின் அதனைத் தனியே அறிவித்தல் வேண்டும்.

மருந்தாயின் கட்டுப்பாடு இன்னும் இறுகுகிறது. 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப்பொருள்கள் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட விதிகள், பேட்ச் எண் என வழங்கும் தொகுதி எண், உற்பத்தி உரிம எண், காலாவதி நாள், மருந்துப்பொருளின் அளவு ஆகியவற்றைக் கட்டாயமாக்குகின்றன. மருத்துவரின் சீட்டின்றி விற்கக்கூடாத மருந்துகளை இடப்பக்கத்துச் சிவப்புக் கோடு காட்டிக்கொடுக்கும். விற்பனையில் முன்னணியில் உள்ள 300 மருந்துப் பெயர்களுக்கு 2023 ஆகஸ்டு 1 முதல் கியூஆர் குறியும் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. கைப்பேசியால் அதனைப் படித்து மருந்தின் விவரங்களைச் சரிபார்க்கலாம்.

மொழி பற்றியும் விதி உண்டு. கட்டாய விவரங்கள் தேவநாகரி எழுத்திலான இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். பிற மொழிகளைக் கூடுதலாகச் சேர்க்கத் தடையில்லை. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த ஒரு முதியவருக்குக் காலாவதி நாளும் எச்சரிக்கையும் எட்டுமா என்பது இந்தக் ‘கூடுதல்’ என்னும் சொல்லைப் பொறுத்திருக்கிறது. சீட்டில் இடம் குறைவு என்பது உண்மையே. எனினும் யார் படிப்பதற்காக அச்சிடுகிறோம் என்ற வினா, நிர்வாகியின் மேசையில் நாள்தோறும் எழத்தக்க வினாவாகும்.

துறைதோறும் சீட்டு

ஆடைத் தொழிலிலும் லேபிளின் பொறுப்பு சிறிதன்று. திருப்பூரில் தைக்கப்படும் ஒரு பின்னலாடை, செல்லும் நாட்டிற்கேற்பச் சீட்டை மாற்றிக்கொள்கிறது. நீர்த்தொட்டி வடிவம் சலவையையும், முக்கோணம் வெளுப்பதையும், சதுரம் உலர்த்துவதையும், இஸ்திரிப் பெட்டி தேய்ப்பதையும், வட்டம் உலர்சலவையையும் குறிக்கும். நூலிழையின் வகையும் விழுக்காடும் எழுத்தில் இருக்க வேண்டும். ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே தையல் கொண்ட ஆயிரம் ஆடைகளில் தவறான சீட்டு தைக்கப்பட்டுவிட்டால், ஆடையில் குறையே இல்லாதபோதும் சரக்கு திருப்பி அனுப்பப்படலாம். அந்த இழப்பு பணத்தோடு நின்றுவிடும். உணவிலும் மருந்திலும் நேரும் பிழையோ உயிர்வரை செல்லும்.

அச்சுக்கு முன்

லேபிள் நிர்வாகியின் பணி அச்சகத்திற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. சீட்டின் வடிவமைப்பு முதலில் ஓர் அச்சுமூலமாக உருவாகிறது. அதற்குத் தனிக் குறியீட்டு எண்ணும் பதிப்பு எண்ணும் இடப்படுகின்றன. உற்பத்தி, தர உறுதி, சட்ட ஒழுங்குமுறை, விற்பனை ஆகிய பிரிவுகள் ஒவ்வொன்றும் அதனைப் பார்த்துக் கையொப்பமிட்ட பின்னரே அது அச்சகத்திற்குச் செல்லும்.

அச்சகம் அனுப்பும் மெய்ப்பை ஒப்பிடுவது பொறுமை வேண்டும் வேலை. கதையில் ஓர் எழுத்து மாறினால் படிப்பவர் சிரித்துவிட்டுக் கடந்துபோவார். மருந்துச் சீட்டில் ‘மைக்ரோகிராம்’ என்பது ‘மில்லிகிராம்’ என மாறினால் அளவு 1000 மடங்கு பெருகிவிடும். 0.5 என்பதில் புள்ளி மறைந்தால் அது 5 ஆகிவிடும். இத்தகைய இடங்களைப் பொருளுணர்ந்து வாசித்தால் மட்டும் போதாது. பழகிய கண், இருக்க வேண்டியதை இருப்பதாகவே காணும். ஆகவே ஒருவர் உரக்கப் படிக்க மற்றொருவர் எழுத்தெழுத்தாகச் சரிபார்க்கும் முறை உண்டு. இரு படங்களை ஒப்பிட்டு வேறுபாட்டைச் சுட்டும் கணினி மென்பொருள்களும் இன்று துணைசெய்கின்றன.

அச்சுத்தொழிலுக்குப் புகழ்பெற்ற சிவகாசி போன்ற ஊர்களில் ஒரே பெரிய தாளில் பலவகைச் சீட்டுகளைச் சேர்த்து அச்சிடுவது செலவைக் குறைக்கும் வழி. தீப்பெட்டிக்கும் நாள்காட்டிக்கும் அது பொருந்தும். மருந்துச் சீட்டில் அம்முறை தவிர்க்கப்படுகிறது. வெட்டும்போது ஒன்றின் கட்டில் மற்றொன்று கலந்துவிடக்கூடும் என்பதே காரணம். தனித்தனியாக வெட்டிய சீட்டுகளைவிடச் சுருளாக வரும் சீட்டுகளே விரும்பப்படுவதும் இதனால்தான். சுருளிலும் ஓர் இடர் உண்டு. அறுந்த இடத்தில் ஒட்டுப்போடும்போது வேறொரு சுருளின் துண்டு சேர்ந்துவிடக்கூடும். எனவே ஒட்டு எங்கே உள்ளது என்பதை அச்சகம் குறித்து அனுப்ப வேண்டும்.

பூட்டிய அறை

அச்சகத்திலிருந்து வந்த சீட்டுகள் ஆய்வு முடியும்வரை ஒதுக்கி வைக்கப்படும். தர உறுதிப் பிரிவு ஏற்ற பின்னரே அவை கிடங்கிற்குச் செல்லும். பார்வைக்கு வெறுங்காகிதமாகத் தோன்றும் அச்சீட்டுகள் பூட்டிய அறையில் வைக்கப்படுகின்றன. அங்கே நுழைய உரிமை பெற்றவர் சிலரே.

இதற்குக் காரணம் உண்டு. நாணயத்தாள் எவ்வாறு காகிதத்தின் விலையால் மதிப்புப் பெறுவதில்லையோ, அவ்வாறே லேபிளும் காகிதத்தின் விலையால் மதிப்புப் பெறுவதில்லை. உண்மையான சீட்டு ஒரு கட்டு வெளியே சென்றால், போலி மருந்து ஆயிரம் புட்டிகளுக்கு நம்பகமான முகம் கிடைத்துவிடும்.

பதிப்பு மாறும்போது அறையில் ஒரு சிறு சடங்கே நடக்கிறது. மருந்தின் எச்சரிக்கைச் சொற்றொடர் ஒன்று மாறினால், பழைய பதிப்புச் சீட்டுகள் அனைத்தும் எண்ணப்பட்டு, இருவர் முன்னிலையில் அழிக்கப்பட்டு, அழித்த எண்ணிக்கை பதிவேட்டில் எழுதப்படும். ‘மிச்சம் இருப்பதைத் தீர்த்துவிட்டு மாற்றுவோம்’ என்னும் சிக்கன எண்ணத்திற்கு அங்கே இடமில்லை.

உற்பத்தி வரிசையில்

ஒரு தொகுதிக்கு எத்தனை சீட்டுகள் தேவையோ அத்தனையே எண்ணி வழங்கப்படும். வழங்கியவரும் பெற்றவரும் கையொப்பமிடுவர். அதற்குமுன் ‘லைன் கிளியரன்ஸ்’ எனத் தொழிலாளர் வழங்கும் சோதனை நடைபெறும். முந்தைய பொருளின் சீட்டு, புட்டி, மூடி, காகிதத் துண்டு ஆகிய எதுவும் எந்திரத்திலோ மேசைக்கு அடியிலோ குப்பைக்கூடையிலோ இல்லை என ஒருவர் தேடி உறுதிசெய்வார். மற்றொருவர் அதனை மீண்டும் பார்ப்பார். அதன் பின்னரே எந்திரம் ஓடத் தொடங்கும்.

தொகுதி எண்ணும் நாள்களும் எந்திரத்தில் அச்சாகத் தொடங்கியதும், முதல் சீட்டை எடுத்து ஆணைப்படிவத்தோடு ஒப்பிட்டு, அதனைத் தொகுதிப் பதிவேட்டில் ஒட்டிவைப்பர். பல ஆண்டுகளுக்குப் பிறகும் அத்தொகுதி எந்தச் சீட்டுடன் வெளியேறியது என்பதற்கு அது சான்றாகும்.

மூன்று சீட்டுகள்

நாள் முடிவில் கணக்கு நேர்செய்யப்படுகிறது. எடுத்துக்காட்டாக, ஒரு தொகுதிக்கு 10,000 சீட்டுகள் வழங்கப்பட்டன எனக் கொள்வோம். 9,860 சீட்டுகள் புட்டிகளில் ஒட்டப்பட்டன, 45 சேதமடைந்தன, 92 எஞ்சின. கூட்டினால் வருவது 9,997. மூன்று சீட்டுகள் எங்கே?

பத்தாயிரத்தில் மூன்று என்பது சிறு எண்ணாகத் தோன்றும். ஆனால் அந்த மூன்றும் எங்கே சென்றிருக்கக்கூடும் என எண்ணிப் பார்த்தால் அதன் கனம் விளங்கும். ஒரே புட்டியில் இரு சீட்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டியிருக்கலாம். அதனால் தீங்கு இல்லை. எந்திரத்தின் உருளையில் சுற்றிக்கொண்டிருக்கலாம்; அப்படியாயின் அடுத்த மருந்தின் புட்டியில் அது ஒட்டிக்கொள்ளும். அல்லது பக்கத்து வரிசையில் ஓடிய மற்றொரு மருந்தின் புட்டிகளில் ஏற்கெனவே ஒட்டியிருக்கலாம்.

குழந்தைகளுக்கான பாராசிட்டமால் மருந்துநீர் 5 மில்லிலிட்டரில் 125 மில்லிகிராம் கொண்டதாகவும் 250 மில்லிகிராம் கொண்டதாகவும் விற்கப்படுகிறது. இரண்டும் ஒரே ஆலையில், ஒரே வடிவப் புட்டியில் நிரப்பப்படலாம். 125 எனச் சொல்லும் சீட்டு 250 கொண்ட புட்டியில் ஒட்டப்பட்டால், மருத்துவர் சொன்னபடி தேக்கரண்டியால் அளந்து கொடுக்கும் தாய், தன்னை அறியாமலே இருமடங்கு மருந்தைக் கொடுத்துக்கொண்டிருப்பாள். அவளிடம் பிழை இல்லை, மருத்துவரிடமும் இல்லை. பிழை அந்தச் சீட்டில் இருக்கும்.

எனவே கணக்கில் ஏற்கத்தக்க எல்லையைத் தாண்டிய வேறுபாடு வருமானால், காரணம் கண்டறியும்வரை தொகுதி ஆலையைவிட்டு வெளியேறாது. எந்திரம் நிறுத்தப்படும், அடுக்கிய பெட்டிகள் மீண்டும் திறக்கப்படும். சரக்கை ஏற்ற வண்டி வாசலில் காத்திருக்கும். விற்பனைப் பிரிவு அவசரப்படுத்தும். அந்த நேரத்தில் ‘கணக்கு சேரவில்லை, அனுப்ப இயலாது’ என்று சொல்லும் துணிவே லேபிள் நிர்வாகிக்கு வேண்டிய முதன்மைத் தகுதி. சேராத கணக்கைச் சேர்ந்ததாக எழுதிவிடுவது ஒரு நொடி வேலைதான். அந்த ஒரு நொடியைத் தடுப்பதற்காகவே பூட்டும் பதிவேடும் இரட்டைக் கையொப்பமும் ஏற்பட்டிருக்கின்றன.

தெரிந்து தெளிவோம்

பட்டைக்குறி எனப்படும் பார்கோடு முதன்முதலாகக் கடையில் வருடிப் படிக்கப்பட்டது 1974 ஜூன் 26 அன்று. அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்தில் உள்ள டிராய் நகரில், ஒரு சூயிங்கம் பொதியின்மீது அது அச்சிடப்பட்டிருந்தது.

இந்தியாவில் பெரும்பாலும் காணப்படும் குறியில் 13 இலக்கங்கள் உள்ளன. ‘890’ எனத் தொடங்குவது, அந்த எண் இந்திய அமைப்பின் வழியாக ஒதுக்கப்பட்டதைக் காட்டும். பொருள் இந்தியாவில் செய்யப்பட்டது என்பதற்கு அது சான்றாகாது.

இறுதி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். 890123456789 என்னும் 12 இலக்கங்களை எடுத்துக்கொள்வோம். ஒற்றைப்படை இடங்களில் உள்ளவற்றின் கூடுதல் 28. இரட்டைப்படை இடங்களில் உள்ளவற்றின் கூடுதல் 34; அதன் மும்மடங்கு 102. இரண்டும் சேர்ந்தால் 130. அடுத்த பத்தின் மடங்கை எட்ட ஏதும் தேவையில்லை. எனவே இறுதி இலக்கம் 0. நடுவில் உள்ள 3, 4 என்பவை இடம்மாறி அச்சாகிவிட்டால் கூடுதல் 132 ஆகும். இறுதி இலக்கம் 8 ஆக வேண்டும். அச்சில் 0 இருப்பதால் கருவி அதனை ஏற்காது. சீட்டு தன் பிழையைத் தானே காட்டிக்கொடுக்கும் ஏற்பாடு இது.

சட்டமாக மாறிய துயரம்

பார்கோட்டின் பிழையைக் கருவி கண்டுபிடிக்கும். எழுதப்படாமல் விடுபட்ட சொல்லை எந்தக் கருவியும் கண்டுபிடிப்பதில்லை. 2016ஆம் ஆண்டில் பிரிட்டனைச் சேர்ந்த நடாஷா என்னும் 15 வயதுச் சிறுமி, ரொட்டி உணவு ஒன்றை வாங்கி உண்டாள். எள் அவளுக்கு ஒவ்வாது. ரொட்டி மாவில் எள் சேர்க்கப்பட்டிருந்தது. உறைமேல் ஒட்டிய சீட்டில் அச்சொல் இல்லை. கடையிலேயே செய்து கடையிலேயே பொதியும் உணவுக்கு முழு விவரம் வேண்டியதில்லை என்பது அன்றைய விதி. சீட்டைப் படித்துப் பார்த்தே அவ்வுணவு வாங்கப்பட்டது. ஒவ்வாமை முற்றி அச்சிறுமி உயிரிழந்தாள்.

அவளுடைய பெற்றோர் தொடர்ந்து முயன்றதன் பயனாக விதி திருத்தப்பட்டது. 2021 அக்டோபர் 1 முதல் அத்தகைய உணவுகளின் சீட்டிலும் மூலப்பொருள்கள் அனைத்தும், ஒவ்வாமைப் பொருள்கள் தனித்துத் தெரியும்படி, அச்சிடப்பட வேண்டும். இது நடாஷா சட்டம் என்றே வழங்கப்படுகிறது. ‘எள்ளளவு’ என்பதைச் சிறுமைக்கு அளவாகக் கூறுவது நம் வழக்கம். சீட்டில் எள்ளளவும் சிறிதன்று என்பதை இந்நிகழ்வு உலகுக்கு உணர்த்தியது.

பணியும் பயிற்சியும்

இத்துறையில் பணியாற்ற விரும்புவோர்க்கு மருந்தாக்கவியல், உணவுத் தொழில்நுட்பம், அச்சுத் தொழில்நுட்பம் போன்ற படிப்புகள் துணைசெய்யும். சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியில் அச்சு மற்றும் சிப்பமிடல் தொழில்நுட்பம் கற்பிக்கப்படுகிறது. 1966இல் நிறுவப்பட்ட இந்தியச் சிப்பமிடல் நிறுவனமும் இத்துறைப் பயிற்சிகளை வழங்குகிறது. கணினிப் பதிவேடுகளைக் கையாளும் திறனும் சட்டமாற்றங்களைத் தொடர்ந்து படிக்கும் பழக்கமும் இன்றியமையாதவை. எல்லாவற்றிற்கும் மேலாக, ஒன்றுபோலவே தோன்றும் பத்தாயிரம் சீட்டுகளைப் பார்த்த பின்னும் பத்தாயிரத்தோராவது சீட்டை முதற்சீட்டைப்போலப் பார்க்கும் கவனம் வேண்டும்.

இப்பணி நன்றாக நடக்கும்போது எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. பொருளைச் செய்தவர்க்குப் பெயர் உண்டு. விற்றவர்க்கு வருவாய் உண்டு. சீட்டைக் காத்தவரின் பெயரோ அச்சீட்டில் எங்கும் இடம்பெறுவதில்லை. இரவு நேரத்தில் காய்ச்சலுற்ற குழந்தையின் அருகே விளக்கைத் தூண்டி, புட்டியைத் திருப்பி, சிறிய எழுத்துகளை ஒருவர் கூர்ந்து படிக்கும்போது, அவர் அந்தப் பெயரறியாத மனிதரின் சொல்லையே நம்புகிறார். நம்புபவருக்கும் ஒரு கடமை உண்டு. சீட்டைப் படித்த பின்னரே உறையைப் பிரிக்க வேண்டும். ஐயம் தோன்றினால் அதில் அச்சிட்டுள்ள தொடர்பு எண்ணில் கேட்க வேண்டும். எழுதுபவர் பொறுப்போடு எழுதிய சொல், படிப்பவர் கவனத்தோடு படிக்கும்போதே பயன் தருகிறது.